ஒரே சங்கங்குப்பிக்கு ரெண்டு பேரு: அட்டையில எதை எழுதுறது?

உச்சிப்புளி நாற்றங்கால்

எல்லாருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் தென்கடலுக்கும் நடுவுல 60 சென்ட் மணல்ல நாற்றங்கால் வச்சிருக்கேன். எங்கப்பா ஆரம்பிச்சது, 31 வருஷமாச்சு. வேம்பு, புங்கன், பூவரசு எல்லாம் உண்டு. ஆனா என் கைக்கு நல்லா வர்றது சங்கங்குப்பி. எங்க ஊர்ல பீச்சங்குன்னுதான் சொல்லுவாக. இலையைக் கசக்கி மோந்து பார்த்தவுகளுக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. கச்சான் காத்து உப்பை வாரி அடிக்கிற இடத்துல, ஆடு வாய் வைக்காம, ரெண்டாம் வருஷத்துக்கு அப்புறம் தண்ணி கேக்காம வேலியா நிக்கிற செடி இது.

போன மாசம் கடலோரமா இருக்கிற ஒரு நிறுவனத்துல 800 கன்னு கேட்டாக. கன்னு 18 ரூபாய். ஆர்டர் தாள்ல தமிழ்ல சங்கங்குப்பின்னு போட்டு, பக்கத்துல வோல்க்கமேரியா இனெர்மிஸ்னு இருந்துச்சு. நான் தமிழ்ப் பேரைப் பார்த்ததோட விட்டுட்டேன், அது என் தப்பு. வண்டியில ஏத்துறப்ப பத்துப் பைக்கு ஒரு அட்டை கட்டுறது வழக்கம். அதுல எங்கப்பா நோட்டுல உள்ளபடி கிளீரோடெண்ட்ரம் இனெர்மேன்னு எழுதுனேன். அந்தப் பேரை அவருக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு காலேஜ் வாத்தியார். அப்பா அதைத் தமிழ் எழுத்துல, ஒவ்வொரு எழுத்தா உச்சரிச்சுப் பார்த்துத்தான் எழுதுனாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

இறக்குற இடத்துல ஸ்டோர் பார்க்குற தம்பி தாளையும் அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. "அண்ணே, முதல் பேரே வேற. ரெண்டாவது பேருல கடைசி எழுத்தும் வேற. நாங்க கேட்ட செடி இது இல்லையே"ன்னாரு. பூவைக் காட்டுனேன், காயைக் காட்டுனேன். "நான் தாளைத்தான்ணே பார்க்க முடியும்"னுட்டாரு. குட்டியானையைத் திருப்பிட்டு வந்தோம். சித்திரை வெயில், உச்சிப் பொழுது, மேல தார்ப்பாய் கூட இல்ல. இறக்கி வச்சுப் பார்த்தா ஓரத்துல இருந்த 70, 80 கன்னு இலை சுருண்டு தொங்குது. சாக்கை நனைச்சு மேல போட்டு, ராத்திரி முழுக்கத் தெளிச்சோம். பாதி தேறுச்சு. பணம் போனது ஒரு பக்கம். போத்து வெட்டி, வேர் விட வச்சு, ஏழு மாசம் பார்த்த கன்னு அது.

இப்ப எனக்குத் தெரிய வேண்டியது: ரெண்டும் ஒரே செடியா? ஒண்ணுன்னா ஏன் ரெண்டு பேரு, மாத்துனது யாரு? எங்கப்பா நோட்டுல நொச்சி குடும்பம்னு இருக்கு, அவுக தாள்ல துளசி குடும்பம்னு இருக்கு. அது எப்படி? தழுதாழையும் கொஞ்சம் வச்சிருக்கேன், நோட்டுல அதுவும் கிளீரோடெண்ட்ரம்தான். அதையும் மாத்தணுமா? நோட்டுல அப்பா கையெழுத்துல இருக்கிறதை அடிச்சு எழுத எனக்கு மனசு வரல. தப்புன்னா அடிக்கிறேன். தப்பான்னு யாராவது சொல்லுங்க.

கீழக்கரை மருந்துக்கடை

தம்பி, முதல்ல ஒண்ணு பாத்துக்கங்க. கணுவுல முள்ளு இருக்கா? சங்குன்னு பேரு வச்ச செடி நம்ம பக்கம் ரெண்டு மூணு இருக்கு. முட்சங்கு, அதைத்தான் இசங்குன்னும் சொல்றது, கணுவுக்கு நாலு முள்ளு நிக்கும், பழம் வெள்ளையா சின்னதா இருக்கும். கடைக்கு வந்து "சங்கு வேணும்"னு மொட்டையா கேக்குறவுகளை நான் திருப்பிக் கேக்காம எதையும் எடுத்துக் குடுக்குறதில்ல. ஒருக்கா சொறிக்குக் குளிப்பாட்ட இலை கேட்டு வந்த ஆத்தா ஒருத்தவுகளுக்குக் கடைப் பையன் முட்சங்கை அள்ளிக் குடுத்துட்டான், அன்னையில இருந்து இந்தப் பழக்கம். ஸ்டோர்க்காரருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கலாம்.

இன்னொண்ணு. சிறுதேக்கு மூட்டையில இப்ப ரோத்தெக்கான்னு ஒரு பேரு வருது. முன்னாடி அதுவும் கிளீரோடெண்ட்ரம்தான். இதுவும் அதே கதையான்னு தெரிஞ்சவுக சொல்லணும்.

உச்சிப்புளி நாற்றங்கால்

முள்ளே கிடையாது அண்ணாச்சி. முட்சங்கு எங்க வேலிக்கு வெளிய தானா முளைச்சு நிக்குது, ரெண்டும் எனக்கு நல்லாத் தெரியும். எங்கது எதிரெதிர் இலை, வழவழன்னு பச்சை, மூணு மூணாப் பூக்கும்.

உலர்தாவரத் தாள்

அண்ணே, ஒரே செடிதான். உங்கள் அப்பா எழுதியதும் தப்பில்லை. நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான், பரமக்குடிப் பக்கம். பத்து வருடமாக உலர்த்தி ஒட்டிய செடித்தாள்களோடுதான் வேலை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆர்டர் தாளில் இருந்ததுதான் முதன்முதலில் வைத்த பெயர். 1753இல் லின்னேயஸ் தனக்குத் தெரிந்த செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல் பெயர் கொடுத்து வெளியிட்ட நூலிலேயே இது வோல்க்கமேரியா இனெர்மிஸ். லத்தீனில் இனெர்மிஸ் என்றால் ஆயுதமில்லாதது, அதாவது முள்ளில்லாதது. பெயரின் முதல் சொல்தான் பேரினம், நெருங்கிய செடிகளின் கூட்டம். அதே பேரினத்தில் அமெரிக்கப் பக்கத்து முள்செடி ஒன்றையும் வைத்திருந்தார், அதற்கு முள்ளுள்ளது என்று பொருள்படும் அக்குலியாட்டா. நம் ஊரில் முட்சங்கு வேறு குடும்பத்துச் செடி என்றாலும், பெயர் வைத்தவர்கள் பார்த்தது அதே முள்ளைத்தான். மருந்துக்கடை அண்ணாச்சி முதலில் கேட்டதும் அதுதானே.

கிளீரோடெண்ட்ரம் என்ற பேரினமும் அதே 1753 நூலில்தான் இருக்கிறது. 1788இல் கெய்ர்ட்னர் என்ற ஜெர்மானியர், காய்களையும் விதைகளையும் அறுத்து அறுத்துப் பார்த்தே பெரிய நூல் எழுதியவர், நம் செடியை அதற்குள் கொண்டுபோய் வைத்தார். வோல்க்கமேரியா லத்தீனில் பெண்பால், கிளீரோடெண்ட்ரம் அலிப்பால். பேரினப் பெயரின் பால் மாறினால் பின்னால் வரும் சொல்லின் விகுதியும் மாற வேண்டும். 'நல்லவள்' என்பதை 'நல்லது' என்று மாற்றுகிற மாதிரி, இனெர்மிஸ் அங்கே இனெர்மே ஆனது. ஸ்டோர் தம்பி பிடித்த கடைசி எழுத்து வித்தியாசம் அவ்வளவுதான்.

அதன் பிறகு 200 வருடத்துக்கு மேல் இந்தப் பெயர்தான் புழக்கத்தில். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் 1915 முதல் எழுதிய நூலிலும் இதே பேரினம், 'கிளீரோடெண்ட்ரான்' என்ற எழுத்துக்கூட்டலில். உங்கள் அப்பாவுக்குச் சொன்ன வாத்தியார் தன் காலத்து நூல்கள் சொன்னதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சிக்கல் அந்தப் பேரினத்தில் இருந்தது. நீளக் குழல் பூ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு மகரந்தத் தண்டு, புதர். இது இருந்தால் ஆசியச் செடியோ ஆப்பிரிக்கச் செடியோ அமெரிக்கச் செடியோ, எல்லாவற்றையும் கிளீரோடெண்ட்ரம் என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டார்கள். 1990களில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது சாக்குக்குள் இருந்தது ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்தது. முதலில் 1998இல் ஸ்டீன், மாபர்லி இருவரும் ரோத்தெக்காவைத் தனியே பிரித்தார்கள். அண்ணாச்சியின் சிறுதேக்கு போனது அப்போதுதான். அதன் பூவைப் பார்த்தாலே புரியும்: நீலம், கீழ் இதழ் மட்டும் பெரிதாக, பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி.

2010இல் யுவான், மாபர்லி, ஸ்டீன், ஓம்ஸ்டெட் நால்வரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் உங்கள் செடியைத் தொட்டது. வெப்ப நாடுகளில், பெரும்பாலும் கடலோரங்களில், ஒரே சாயலில் ஒரு கூட்டம் இருக்கிறது. கரீபியத்தில் சில, ஆப்பிரிக்காவில் சில, நமக்கு இந்தச் சங்கங்குப்பி. இந்தக் கூட்டம் மற்ற கிளீரோடெண்ட்ரங்களை விட, அமெரிக்காவில் வேறு பெயரில் இருக்கும் சில பேரினங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று வந்தது. ஒரு பேரினம் என்று சொன்னால் ஒரே மூதாதை வழி வந்த அத்தனை பேரும் அதில் இருக்க வேண்டும். பங்காளியை வெளியே நிறுத்திவிட்டுத் தூரத்துச் சொந்தத்தை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. அதனால் கடலோரக் கூட்டத்தைத் தனியே எடுத்தார்கள். அதற்குப் புதிதாகப் பெயர் தேடவும் வேண்டியிருக்கவில்லை. பெயரிடும் விதிப்படி மூத்த பெயருக்கே உரிமை. லின்னேயஸ் வைத்த வோல்க்கமேரியா அப்படியே திரும்பி வந்தது.

குடும்பம் மாறியது வேறு கதை, அதற்கும் முந்தியது. 1992 வாக்கில் இந்தப் புதர்களை, உங்கள் அப்பா நோட்டில் நொச்சி குடும்பம் என்று இருக்கிற வெர்பினேசியேவிலிருந்து துளசியின் குடும்பமான லேமியேசியேவுக்கு மாற்றினார்கள். இது மட்டுமில்லை, நொச்சி, முன்னை, தேக்கு எல்லாமே அங்கே போய்விட்டன. உண்ணிச்செடியும் பொடுதலையும் பழைய வீட்டிலேயே இருக்கின்றன.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் பார்ப்பது உலர்ந்த பூ. உங்களிடம் உயிரோடு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. மொட்டு விரிந்ததும் ஒரு பூவில் நூல் கட்டி, மறுநாளும் அதே பூவைப் பாருங்கள். மகரந்தத் தண்டும் சூல் தண்டும் எப்படி நிற்கின்றன என்று எழுதுங்கள். 2010 ஆய்வின் தலைப்பிலேயே இந்தக் கூட்டம் இனம் பெருக்கும் விதம் இடம்பெற்றிருக்கிறது.

தொண்டி அலையாத்தி

நல்ல விளக்கம் சார். ஆனால் எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. நான் தொண்டிப் பக்கம் பெண்கள் குழுவோடு சேர்ந்து அலையாத்தி நாற்று வளர்க்கிறேன், ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குப் பெயர் எழுதிக் கொடுப்பதும் நான்தான். கல்லூரியில் உடைமரம் அக்கேசியா என்று படித்தேன், இப்போது வச்செல்லியா. சீமைக் கருவேல் புரோசோபிஸ், 2022க்குப் பிறகு நெல்டுமா என்கிறார்கள். அலையாத்தியையே பழைய நூல் ஒன்று நொச்சிக் குடும்பத்தில் வைக்கிறது, இன்னொன்று தனிக் குடும்பத்தில், இப்போது ஆடாதோடைக் குடும்பத்தில். பதிவேட்டில் ஒரு பக்கத்தை நான் மூன்று முறை திருத்தியிருக்கிறேன். எங்கள் குழுவில் இருக்கிற அக்கா ஒருவர், "நீங்க பேரை மாத்திக்கிட்டே இருங்க, செடி அங்கனயேதான் நிக்குது"ன்னு சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. உச்சிப்புளி அண்ணனுக்கு நடந்த மாதிரி, கடைசியில் விலை கொடுப்பது கன்று வளர்க்கிறவர்தான். பழைய பெயரையே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

உலர்தாவரத் தாள்

நியாயமான கேள்வி. பழைய பெயரை எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. இரண்டுமே முறைப்படி வெளியான பெயர்கள். எந்தப் பேரினத்தில் வைப்பது என்பது ஆதாரத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. அந்த முடிவை எடுத்த பிறகு எந்தப் பெயர் வரும் என்பதைத்தான் விதி சொல்கிறது. இன்னொன்று இணைப்பெயராகக் கூடவே இருக்கும்.

ஆனால் மாற்றியதால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். மன்னார் வளைகுடாக் கரையில் நிற்கிற செடிக்கும் கரீபியக் கரையில் நிற்கிற செடிக்கும் என்ன உறவு என்பது பழைய பெயரில் மறைந்து கிடந்தது. உப்பைத் தாங்குவது, மிதக்கும் காய், இதெல்லாம் ஏன் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து வருகிறது என்று கேட்கவே இப்போதுதான் முடிகிறது.

நோட்டை அடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணே. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடித்தாள்களின் காப்பகம், இருக்கிறது. அங்கே பழைய தாள்களைப் பார்த்தால் செடியைச் சேகரித்தவர் எழுதிய சீட்டு அப்படியே இருக்கும். பெயர் மாறினால் அதை யாரும் அடிக்க மாட்டார்கள், கிழிக்கவும் மாட்டார்கள். பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, புதுப்பெயர், பார்த்தவர் பெயர், வருடம் எழுதுவார்கள். அதற்கும் கீழே இன்னொருவர் இன்னொரு சீட்டு. நான்கைந்து சீட்டு ஒட்டிய தாளைக் கையில் எடுத்தால், அந்தச் செடியை யார் யார் குனிந்து பார்த்தார்கள் என்று வரிசையாகத் தெரியும். பதிவேட்டிலும் இதையே செய்யலாம் சகோதரி, திருத்த வேண்டாம், சேருங்கள்.

தழுதாழைக்கு நூல்களில் கிளீரோடெண்ட்ரம் என்பதற்குப் பின்னால் புளோமிடிஸ் என்றும் மல்ட்டிபுளோரம் என்றும் இரண்டு விதமாகப் பார்ப்பீர்கள். கேட்பவரின் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்து, தமிழ்ப் பெயரோடு இரண்டையும் எழுதிவிடுங்கள். சங்கங்குப்பி மாறியது என்பதற்காக அதை வோல்க்கமேரியா ஆக்கிவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

உச்சிப்புளி நாற்றங்கால்

எட்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சொன்னதைச் செஞ்சு பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

என் மகள் பத்தாவது படிக்குது. அதுதான் தையல் நூல் எடுத்துட்டு வந்து 12 பூவுல சிவப்பு நூல் கட்டுச்சு. முதல் நாள் சாயங்காலம் பார்த்தோம். வெள்ளைக் குழல் வாயில இருந்து கருஞ்சிவப்பா நாலு தண்டு நேரா முன்னால நீட்டிட்டு நிக்குது, நுனியில மகரந்தப் பை. சூல் தண்டு எங்கன்னு தேடுனா, அது கீழ வளைஞ்சு ஒதுங்கிக் கிடக்கு. மறுநாள் சாயங்காலம் அதே பூவைப் பார்க்குறோம், எல்லாம் தலைகீழ். நாலு தண்டும் சுருண்டு கீழ இறங்கிருச்சு. சூல் தண்டு நிமிர்ந்து, நுனி ரெண்டாப் பிரிஞ்சு, முந்தின நாள் மகரந்தம் நின்ன அதே இடத்துக்கு வந்து நிக்குது. 12ல 9 பூவுல அப்படியே நடந்துச்சு. ரெண்டு காத்துல விழுந்துருச்சு, ஒண்ணைக் காணோம்.

31 வருஷம் இந்தச் செடிக்குள்ளயே கிடந்திருக்கேன். ஒரு செடியில ஒரே நேரத்துல சில பூவுல தண்டு நீட்டிட்டு, சில பூவுல சுருண்டு இருக்கிறதைத் தினமும் பார்த்திருக்கேன். சுருண்டது வாடுன பூன்னு நினைச்சுட்டேன். வாடல, அது அப்பத்தான் காய் பிடிக்கத் தயாராகுது. ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சை வாழைத் தடலுக்குப் பின்னால மறைச்சுப் பிடிச்சோம். பெரிய அந்துப்பூச்சி ஒண்ணு வந்துச்சு. பூவுல உக்காரல, அந்தரத்துல நின்னுக்கிட்டே நாக்கை நீட்டிக் குழலுக்குள்ள விட்டுச்சு. அது நெஞ்சு வந்து இடிக்கிறது சரியா அந்தத் தண்டு நுனியில. நேத்துப் பூவுல மகரந்தம் ஒட்டுன இடம் எதுவோ, இன்னைக்குப் பூவுல சூல் தண்டு தொடுறதும் அதே இடம். மகள், "அப்பா, ரெண்டும் இடம் மாத்திக்கிருச்சு"ன்னு கத்துச்சு, பூச்சி பறந்துருச்சு.

காயையும் பார்த்தேன். காஞ்ச காய் 20 எடுத்து, தென்கடல் தண்ணி ஒரு வாளியில போட்டு வச்சேன். எட்டாம் நாளும் 17 மிதக்குது. ஒண்ணை உடைச்சா நாலாப் பிரியுது, தோல் தக்கை மாதிரி. மிதக்கும் காய்னு நீங்க சொன்னது இப்ப எனக்குப் புரியுது தம்பி.

அட்டையை இப்படி எழுதப் போறேன்: மேல பெருசா சங்கங்குப்பி, கீழ பீச்சங்கு. அடுத்த வரி வோல்க்கமேரியா இனெர்மிஸ். அதுக்குக் கீழ, இணைப்பெயர் கிளீரோடெண்ட்ரம் இனெர்மே. கடைசியில முள் இல்லாததுன்னு ஒரு வார்த்தை, அது மருந்துக்கடை அண்ணாச்சிக்காக. ஒரு அட்டையை எழுதி அந்த ஸ்டோர் தம்பிகிட்ட நேர்லயே கொண்டு போய்க் காட்டுனேன். அவர் உள்ள போய்ப் பெரியவுககிட்டக் கேட்டுட்டு வந்து, மழை தொடங்குனதும் 600 கன்னு குடுங்கன்னாரு. திரும்பி வந்த வண்டிக்கு வாடகை கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் இல்ல.

நோட்டுல நீங்க சொன்னபடியே செஞ்சேன். அப்பா எழுதுன வரிக்குப் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டி, புதுப் பேரும் என் பேரும் வருஷமும் எழுதிருக்கேன். பூ இடம் மாறுறதை மகள் அதுக்குக் கீழ படம் வரைஞ்சு அதோட பேரையும் போட்டுக்கிருச்சு.

தொண்டித் தங்கச்சி, உங்க அலையாத்திக்குக் கரைப் பக்கம் மேட்டுல வைக்க போத்து வேணும்னா சொல்லுங்க. விரல் கனத்துல, முழ நீளம், 50 எடுத்து வைக்கிறேன். புரட்டாசிக் கடைசியில வந்தீகன்னா வாடை மழையில நட்டுரலாம். ஈரச் சாக்கும் தார்ப்பாயும் நான் தர்றேன், வெயில்ல கொண்டு போயிராதீக.